கிளிநொச்சிப் பக்கம் 1/24 லொறி கட்டுகிறவர்கள் இருக்கிறீர்களா?

பரந்தன் பொடியன்

எல்லாருக்கும் வணக்கம். ஜேர்மனியில் இருக்கிற சித்தப்பா கார்கோவில் போட்ட பெட்டிக்குள் சொக்லேட், சவர்க்காரத்தோடு இத்தாலெரி கொம்பனியின் 1/24 (நிஜத்தில் 24இல் ஒரு பங்கு) ஸ்கானியா பிறைம் மூவர் (ட்ரெயிலர் இழுக்கிற முன்வண்டி) மொடல் கிட் ஒன்றும் வந்திருக்கிறது. சட்டத்தில் கோர்த்த துண்டுகள் கனக்க. பசை இல்லை, பெயின்ற் இல்லை. பின்னால் கொழுவுகிற ட்ரெயிலரும் இல்லை. அது தனிக் கிட்டாம். விலையைக் கேட்டதும் அந்த ஆசை போய்விட்டது.

என் கேள்விகள் இவைதான். எந்தப் பசை பாவிக்க வேண்டும்? இங்கே ஹார்ட்வெயார் கடையில் கிடைக்கிற சாமானை வைத்து ட்ரெயிலரை நானே செய்யலாமா? இன்னொன்று, எனக்கு ஸ்கானியாவில் பெரிய மோகம் இல்லை. ஏ9 வீதியில் நெல் மூட்டையோடு போகிற பழைய டாட்டா லொறியைத்தான் கட்ட ஆசை. அதற்கு எங்கேயாவது கிட் விற்கிறார்களா?

சும்மா பார்க்க வந்தவன்

ஓடுகிற லொறிக்கே டீசல் இல்லாமல் வரிசையில் நின்றோம் 2022இல். நீங்கள் ஓடாத லொறி கட்டப் போகிறீர்கள். புத்திசாலித்தனம்தான்! சரி, தொடருங்கள், நான் ஒரு மூலையில் இருந்து வாசிக்கிறேன்.

பனிநாட்டான்

தம்பி, ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன். நான் கட்டுவது பெரும்பாலும் ஏஎம்டியின் 1/25 அமெரிக்க லொறிகள்: பீட்டர்பில்ட் 359, கென்வர்த் போன்றவை. டாட்டாவுக்கு வருவோம். இத்தாலெரி, றெவெல், டமியா, ஏஎம்டி ஒருவரும் டாட்டா லொறிக்குக் கிட் போடுவதில்லை. இந்தியாவில் பிளாஸ்ரிக் பொம்மை லொறிகள் உண்டு, ஆனால் அவை பிள்ளைகளின் கைக்கு ஏற்றபடி குறுக்கியவை. அளவு நாடா வைத்தால் சரிவராது.

என் ஆலோசனை: ஸ்கானியாவை முதலில் கட்டுங்கள். சேசிஸில் எது எங்கே பூட்டப்படுகிறது, அச்சு எப்படி வில்லில் (ஸ்பிறிங் தகடுகளில்) உட்காருகிறது, கபின் எப்படி முன்னால் கவிழ்கிறது என்பதெல்லாம் துண்டு துண்டாகக் கையில் வரும். வெறுங்கையால் செய்யத் தொடங்கினால் பாதியில் விட்டுவிடுவீர்கள். அப்படி விட்ட ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பசை விஷயம். கிட் வந்திருப்பது பொலிஸ்ரைரீன் பிளாஸ்ரிக்கில். அதற்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை, கரைக்கிறது. இரண்டு பக்கமும் இளகி ஒன்றாகி, காய்ந்ததும் ஒரே துண்டாகிவிடும். அதனால் மெல்லிய பசையைத் தூரிகையால் பொருத்தின் ஓரத்தில் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடும். சுப்பர் குளூவும் பிடிக்கும். ஆனால் கண்ணாடித் துண்டுகளுக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளை பூத்துவிடும். பிறகு அந்தக் கபின் வருடம் முழுக்கப் பனிமூட்டத்தில் ஓடுகிற மாதிரித்தான்.

மாங்குளம் கராஜ்

பனிநாட்டான் சொல்வது பாதி சரி. மற்றப் பாதிக்கு என் பதில்.

தம்பி, அந்த ஸ்கானியாவின் ஸ்ரியறிங் எந்தப் பக்கம் என்று பார்த்தீரா? ஐரோப்பிய, அமெரிக்கக் கிட்கள் பெரும்பாலும் இடக்கைப் பக்கம் ஓட்டுகிற வண்டிகள். எங்களுடைய தெருவுக்கு அதை வலப்பக்கம் மாற்றினால்தான் சரி. டஷ்போட்டை அறுத்துத் திருப்ப வேண்டும், ஸ்ரியறிங் தண்டு, பெடல், துடைப்பான் கைகள் படுக்கிற பக்கம், எல்லாம் மாறும். முதல் கிட்டிலேயே அந்த அறுவைச் சிகிச்சை வேண்டாம். ஸ்கானியாவை வந்தபடி கட்டி வையும், அது ஜேர்மனி வண்டியாகவே இருக்கட்டும். சித்தப்பாவுக்குப் படம் அனுப்பலாம்.

வலப்பக்கம் ஓட்டுகிற கிட் வேண்டுமென்றால் யப்பான் பக்கம் பார்க்க வேண்டும். அவோஷிமாவின் 1/32 லொறிகள் பூசோ, ஹினோ, இசுசு என்று எங்கள் தெருவில் ஓடுகிற அதே இனம், ஸ்ரியறிங்கும் வலப்பக்கம். விளக்குச் சோடனை போட்ட டெக்கோட்டோரா லொறிகளும் அவர்களிடம் உண்டு. எங்கள் ஆட்கள் கபின் நெற்றியில் லைற் போடுவது அவற்றுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் நீர் கேட்டது நெல் லொறி. அதற்குக் கிட் தேவையில்லை. உமது வீட்டுக்குப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு டாட்டா நிற்கும். உரிமையாளரிடம் கேட்டு, அளவு நாடாவும் கொப்பியும் எடுத்துக்கொண்டு அதற்குக் கீழே படும். பசை வாங்குவதெல்லாம் அதற்குப் பிறகு.

பரந்தன் பொடியன்

நன்றி அண்ணை. ஸ்ரியறிங் இடப்பக்கம்தான், இப்போதுதான் பார்த்தேன். அளவு எடுக்கலாம், பக்கத்து மில்லில் லொறி வந்து நிற்கும். ஆனால் எடுத்த அளவை வைத்து என்ன செய்வது? எந்த அளவுத்திட்டத்தில் கட்டுவது என்று எப்படி முடிவெடுப்பது?

மாங்குளம் கராஜ்

அளவுத்திட்டத்தை நானோ நீரோ முடிவெடுப்பதில்லை, சில்லுத்தான் முடிவெடுக்கும். மற்ற எதையும் தகட்டிலும் மரத்திலும் செய்துவிடலாம். ஒரே மாதிரி ஆறு வட்டத்தைக் கையால் வெட்டுவதுதான் கஷ்டம். ஆகவே கையில் கிடைக்கிற வட்டமான சாமானைப் பார்த்து அதற்கு ஏற்றபடி கட்டு.

கணக்கைப் பாரும். பழைய லொறிகளில் 9.00-20 ரயர் கனக்க. அதன் முழு உயரம் ஏறத்தாழ 1018 மி.மீ. 24ஆல் பிரித்தால் 42 மி.மீ.யும் கொஞ்சமும். ஹார்ட்வெயாரில் 40 மி.மீ. பீவிசி பைப் இருக்கிறது. அதைச் சுற்றிச் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றை இழுத்துப் போட்டால், ரப்பர் ஒரு மி.மீ. தடிப்பு என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 42. கைக்கு வந்துவிட்டது 1/24. ரியூபில் ஓடுகிற கோடுகளே ரயர்ப் பூ மாதிரி இருக்கும். இல்லையென்றால் பிளேட்டால் கீறலாம்.

அகலம் நிஜத்தில் 26 சென்ரிமீற்றர் அளவு, ஆகவே பைப்பை 11 மி.மீ. வளையங்களாக அறுக்க வேண்டும். முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு நான்கு. பின்னால் இரட்டைச் சில்லுகளை ஒன்றோடொன்று முட்ட வைக்க வேண்டாம். நிஜ வண்டியில் பாரம் ஏறும்போது ரயர் வயிறு வீங்கும், உரசாமல் இருக்க நடுவில் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளிக்குள் ஒரு சின்னக் கல்லைச் செருகிவிட்டால் லொறி ஓடித்திரிந்த ஆள் பார்த்தவுடன் சிரிப்பான்.

1/24இன் இன்னொரு வசதி: ஒரு அடி அரை அங்குலம். எங்கள் தச்சாட்கள், லொறிப் பொடி (பின்பெட்டி) கட்டுகிற ஆட்கள் எல்லாம் அடிக்கணக்கில்தான் கதைப்பார்கள். எட்டடி அகலப் பொடி என்றால் நான்கு அங்குலம். கல்குலேட்டர் வேண்டாம்.

பனிநாட்டான்

பைப் யோசனை அருமை, நான் இதைக் கேள்விப்படவே இல்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். பீவிசியை நெருப்பில் நேராகக் காட்டி வளைக்காதீர்கள், கருகினால் ஐதரசன் குளோரைட் வாயு வரும், நெஞ்சைப் பிடிக்கும். கொதிக்கிற வெந்நீர் போதும், 80 பாகையை ஒட்டியே அது இளகத் தொடங்கும். பெரிய பைப்பை நெடுக்கப் பிளந்து, வெந்நீரில் போட்டு, இரண்டு பலகைக்கு நடுவில் அமுக்கினால் தட்டையான தகடு கிடைக்கும். சேசிஸ் சட்டம் செய்ய அது நல்லது.

பொலிஸ்ரைரீன் தகடு வேண்டுமென்றால் நாங்கள் இங்கே எவர்கிறீன் தகடு வாங்குகிறோம். அங்கே யோகட் கப்பைப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருந்தால் அது பொலிஸ்ரைரீன், கிட் பசை பிடிக்கும். 5 என்று இருந்தால் பொலிப்புரொப்பிலீன். எந்தப் பசையும் அதில் நிற்காது, எறிந்துவிடுங்கள்.

செம்மண் சித்திரம்

வவுனியாவில் இருந்து நான். லொறி இல்லை, ரக்ரரும் பெட்டியும்தான் கட்டுகிறேன். ஆனால் மரவேலை எல்லாம் ஒன்றுதானே, ஆகவே சொல்கிறேன்.

தம்பி, லொறிப் பொடிக்கு ஐஸ்பழக் குச்சி எடுங்கள். தடிப்பு 2 மி.மீ., 24ஆல் பெருக்கினால் 48. கிட்டத்தட்ட இரண்டு அங்குலப் பலகை. அகலம் 10 மி.மீ. என்றால் 24 சென்ரிமீற்றர் பலகை. வளைந்த இரண்டு முனையையும் வெட்டிவிட்டால் தளத்துக்கு அப்படியே போடலாம். பக்கச் சட்டங்களுக்குத் தீக்குச்சி. ஆனால் மரத்தின் நார் பெரிதாகத் தெரியும், அதை மறைக்க ஒரு தடவை நீர்த்த வெள்ளைப் பசை பூசி, காய்ந்ததும் மெல்லிய அரத்தாள் போடுங்கள்.

மட்காட், கதவு போன்றவற்றுக்கு சோடா ரின் தகடு. கிட்டில் வருகிற மட்காட்டின் ஓரம் ஒரு மி.மீ. இருக்கும். 24ஆல் பெருக்கிப் பாருங்கள், அது 24 மி.மீ. தடிப்பான இரும்பு! யுத்த டாங்கிக்குப் போடலாம். சோடா ரின் 0.1 மி.மீ.தான், ஓரம் மெல்லியதாக நிற்கும், நெளிந்தால் நிஜ லொறி நெளிந்த மாதிரியே நெளியும். மட்காட்டைப் பார்த்தே கிட் வண்டியா கைவேலையா என்று சொல்லிவிடலாம்.

ஏ9 சாரதி

பொடி நல்லது, பலகை நல்லது. ஆனால் புதிதாகப் பளபளக்கிற லொறியாகச் செய்துபோடாதேயும் தம்பி. நான் வருடக்கணக்காக வவுனியாவில் இருந்து யாழ்ப்பாணம் வரை லொறி ஓடினவன். ஒரு லொறி எங்கே தேயும் என்று சொல்கிறேன்.

சாரதியின் வலக்கை முழங்கை வைக்கிற இடம்: யன்னலின் கீழ் ஓரம். அந்த இடத்தில் பெயின்ற் போய் இரும்பு தெரியும், அல்லது கறுத்திருக்கும். கிளீனர் பக்கம் தேய்வது படி, கைபிடி, கதவின் அடிப்பகுதி. பின்கதவின் மேல் ஓரத்தில் மூட்டை இழுத்து இழுத்து மரம் வழவழவென்று ஆகியிருக்கும். தளத்தின் நடுப்பகுதி வெளுத்திருக்கும், மூலைகளில் நெல்லும் தூசியும் அடைந்து கறுப்பாக இருக்கும்.

2002இல் பாதை திறந்து 2006 ஓகஸ்ற்றில் மூடும் வரைக்கும் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் சாமானை இறக்கி, சோதித்து, திரும்ப ஏற்ற வேண்டும். அந்த நாட்களில் ஓடின லொறியின் பின்கதவைப் பார்த்தால் ஓரம் உருண்டு, கொண்டி தளர்ந்து, சங்கிலி இழுத்த அடையாளம் பெயின்றில் வளைவாக இருக்கும். அந்தக் காலத்து லொறி செய்கிறவர் அந்த வளைவை விட்டுவிடக் கூடாது.

அடுத்தது, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நிற்காமல் போன வண்டி உண்டா? முன் கண்ணாடியில் திருநீற்றுப் பூச்சு, பம்பரில் தேசிக்காய், கபினுக்குள் டஷ்போட்டில் ஒரு கச்சான் சரை. இவை இல்லாவிட்டால் அது எங்கள் லொறி இல்லை.

பரந்தன் பொடியன்

ஐயா, தேசிக்காயை 1/24இல் எப்படிச் செய்வது?

செம்மண் சித்திரம்

கடுகு. தேசிக்காய் நான்கு சென்ரிமீற்றர் என்று வையுங்கள், 24இல் 1.7 மி.மீ. வரும். பெரிய கடுகாகப் பார்த்து எடுத்துப் பச்சையும் மஞ்சளும் கலந்து பூசி, நூலில் சுப்பர் குளூவால் ஒட்டுங்கள். திருநீற்றை நிஜத் திருநீறாகவே பூசலாம், ஆனால் விரலால் வேண்டாம், விரல் அடையாளம் ஒரு முழக் கைக்குச் சமனாகத் தெரியும். ஈர்க்கு நுனியில் கொஞ்சம் பஞ்சு சுற்றி மூன்று கோடு.

சும்மா பார்க்க வந்தவன்

கடுகில் தேசிக்காயா! மூலையில் இருந்தவன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுவிட்டேன். பெயின்ற் பற்றியும் சொல்லுங்கள்.

செம்மண் சித்திரம்

பெயின்றில் காலநிலை முக்கியம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில் தின்னரில் கரைத்த லக்கர் அடித்தால் மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். தின்னர் கெதியாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கிற ஈரம் அதில் படிகிறது. அதுதான் காரணம். வெயில் வரும் வரைக்கும் பொறுப்பது நல்லது. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் மற்றத் தொல்லை, தூசி. காலையில் காற்று எழும்ப முன்னம் அடித்து, அடித்த கையோடு ஒரு பெட்டியால் மூடிவிடுவேன்.

கார்களுக்கு அடிக்கிற தின்னரைக் கிட் பிளாஸ்ரிக்கில் நேராகப் பூச வேண்டாம், கரைத்துவிடும். முதலில் பிறைமர். பிறகு எனாமல் மேல் லக்கர் அடித்தால் கீழே இருப்பது சுருங்கி வெடிக்கும். லக்கர் மேல் எனாமல் அடிக்கலாம். ஒழுங்கு மாறக் கூடாது.

எயார்பிறஷ் இருந்தால் 15 முதல் 20 பீஎஸ்ஐ போதும். கராஜில் ரயருக்குக் காற்றடிக்கிற கொம்பிறசரில் இணைப்பதானால் இடையில் அமுக்கச் சீராக்கியும் நீர் பிடிப்பானும் கட்டாயம். எயார்பிறஷ் இல்லாவிட்டாலும் குறையில்லை, பழைய லொறியைத் தூரிகையால் பூசினால் இன்னும் பொருத்தம். நிஜத்திலும் தூரிகையால் பூசின லொறிகள்தானே ஓடின.

இனி மண். கிறவல் ஒழுங்கையில் ஓடின லொறிக்குச் சிவப்பு. வயலுக்குள் இறங்கின ரக்ரருக்குச் சாம்பல் கலந்த கறுப்பு. முல்லைத்தீவுக் கரைப் பக்கம் வெளிர் மணல். மூன்றையும் ஒரே வண்டியில் பூசினால் அது எந்த ஊரிலும் ஓடாத வண்டி. நான் நிஜக் கிறவலைக் காயவைத்து, இடித்து, பழைய நைலோன் காலுறையால் அரித்து எடுக்கிறேன். நீர்த்த வெள்ளைப் பசையில் கலந்து மட்காட்டுக்கு உட்பக்கம் மட்டும் தடிப்பாக; வெளியில் உலர்ந்த தூளாகத் தூரிகையால் தொட்டுத் தட்டுவது. பின் சில்லு எறிகிற சேறு பின்னால்தான் படும், கபின் கூரையில் படாது. இதை யோசிக்காமல் எல்லா இடமும் ஒரே மாதிரி மண் பூசின படங்கள் இணையத்தில் நிறைய.

மாங்குளம் கராஜ்

அக்கா சொன்ன மண் விஷயத்துக்கு ஒரு கும்பிடு. நான் வில்லு பற்றிச் சொல்ல வேண்டும், அதில்தான் எல்லாரும் சறுக்குகிறார்கள்.

வெறும் லொறி ஒரு மாதிரி நிற்கும், பாரம் ஏற்றின லொறி வேறு மாதிரி நிற்கும். வெறுமையில் பின் வில்லு வளைந்து பொடி உயர்ந்து நிற்கும், மேலே இருக்கிற உதவி வில்லின் முனைகள் தாங்கியில் முட்டாது. முழுப் பாரத்தில் வில்லு கிட்டத்தட்ட நேராகி, உதவி வில்லும் முட்டி வேலை செய்யும். நெல் மூட்டை அடுக்கிவிட்டு வில்லை வளைவாக விட்டால் மூட்டைக்குள் பஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். ஆகவே தம்பி, பாரமா வெறுமையா என்று முதலே முடிவெடும்.

வில்லுத் தகடு செய்யப் பார்சல் கட்டுகிற பிளாஸ்ரிக் பட்டி நல்லது. நீளத்தில் இருந்து குட்டைக்குப் படிப்படியாக வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் மெல்லிய செப்புக் கம்பியால் கட்டும். பசை போடாதேயும், பட்டி பசை பிடிக்காது, கட்டுத்தான் பிடிக்கும். நிஜத்திலும் யூ போல்ற்றுத்தானே பிடிக்கிறது.

பனிநாட்டான்

பாரம் பற்றிக் கதைத்ததால் ஒரு வேடிக்கைக் கணக்கு. நீளம் 24இல் ஒன்று என்றால் கனவளவு 13,824இல் ஒன்று. 16 தொன் நிறையுள்ள லொறி 1/24இல் ஏறத்தாழ 1.16 கிலோ இருக்க வேண்டும். நாங்கள் கட்டுவது அதைவிட எவ்வளவோ இலேசு. கையில் தூக்கும்போது பொம்மை மாதிரித் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம். சேசிஸ் நடுவில் ஈயத் துண்டு வைத்துப் பாருங்கள், மேசையில் வைக்கும்போது வருகிற சத்தமே மாறும்.

பரந்தன் பொடியன்

மூட்டையை என்னால் செய்ய முடியவில்லை. துணியில் தைத்தால் தலையணை மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது.

செம்மண் சித்திரம்

துணியை அளவுத்திட்டத்துக்குச் சுருக்க முடியாது, அதன் விறைப்பு அப்படியே இருக்கும். அதனால்தான் உப்புகிறது. மெல்லிய கோஸ் துணி எடுத்து, 37க்கு 23 மி.மீ. அளவில் தைத்து, உள்ளே அரித்த மணல் போடுங்கள். பஞ்சோ மரத்தூளோ வேண்டாம். முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். பசைத் தண்ணீரில் நனைத்து, ஈரத்தோடு லொறியில் அடுக்கி, மேலே ஒரு கட்டையை வைத்து அமுக்கிக் காயவிட்டால் ஒன்றுக்கொன்று உட்கார்ந்துவிடும். மணல் என்பதால் பனிநாட்டான் அண்ணை கேட்ட நிறையும் கிடைக்கும்.

ஏ9 சாரதி

தங்கச்சி, நீங்கள் கட்டுகிற ரக்ரர் பெட்டி பற்றிச் சொல்லவில்லையே.

செம்மண் சித்திரம்

சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு இருந்தேன் ஐயா. அது 2009 தொடக்கத்தில் யுத்தத்தில் இடம்பெயர்ந்த சனம் சாமான் ஏற்றிக்கொண்டு போன ரக்ரர். மாசி பேர்குசன் 135. வெளிநாட்டில் அது 1/16, 1/32 அளவுகளில் உலோக மொடலாகக் கிடைக்கிறது, எனக்கு 1/24 வேண்டும் என்பதால் கையால் செய்கிறேன். பெட்டி பத்தடிக்கு ஆறடி என்று எடுத்தேன், 5 அங்குலத்துக்கு 3 அங்குலம் வந்தது. அது இலகு. அதன் மேல் ஏற்றுகிற சாமான்தான் வேலை: கழற்றின கூரைத் தகரம், கதவு நிலை, சைக்கிள், நீர்ப்பம்பி, அண்டா, பாய், கோழிக்கூடு.

தகரத்தின் அலைக்கு அலை 76 மி.மீ., 1/24இல் 3 மி.மீ.யும் கொஞ்சமும். மூன்று மி.மீ. கம்பிகளைப் பக்கத்தில் பக்கமாக ஒட்டி, சோடா ரின் தகட்டை மேலே வைத்து, இன்னொரு கம்பியால் பள்ளத்தில் இழுத்து இழுத்து அமுக்கினால் அலை விழும். ஆணித் துளைகளைப் போட மறக்கக் கூடாது, வீட்டுக் கூரையில் இருந்து கழற்றின தகரம் அல்லவா.

சும்மா பார்க்க வந்தவன்

அக்கா, குறை சொல்லக் கேட்கவில்லை. ஆனால் இதைப் பொழுதுபோக்காகச் செய்யலாமா? எங்கள் வீட்டில் இந்தப் படத்தைக் காட்டினால் அம்மா பார்க்க மாட்டா.

செம்மண் சித்திரம்

உங்கள் அம்மாவுக்குக் காட்ட வேண்டாம் தம்பி. என் அம்மாவுக்குக் காட்டினேன். பார்த்துவிட்டு, “அம்மி எங்கே? அம்மியைப் பெட்டியின் முன்பக்கம் வைத்துத்தானே கொண்டுபோனோம்” என்றா. அம்மி செய்து வைத்தேன். ஆட்களைச் செய்து ஏற்றப்போவதில்லை, அதில் எனக்கு விருப்பமில்லை. சாமான் போதும்.

ஏ9 சாரதி

கயிறு கட்டுகிற விதத்தைச் சரியாகச் செய்யுங்கள் தங்கச்சி. சைக்கிள் எப்போதும் கடைசியாக, மேலே, பின்பக்கம் கட்டுவார்கள். வழியில் இறக்கி எடுக்கத் தேவைப்படும் என்பதால்.

மாங்குளம் கராஜ்

முன்பக்கம் அம்மி சரி. பெட்டியின் பாரம் கொஞ்சம் முன்னுக்கு, கொழுக்கிப் பக்கம் இருந்தால்தான் ரக்ரரின் பின்சில்லு மண்ணைப் பிடிக்கும். பின்னுக்குப் பாரம் கூடினால் கொழுக்கி மேலே தூக்கும். உங்கள் அம்மா வைத்த இடம்தான் சரியான இடம்.

பனிநாட்டான்

தம்பியின் ட்ரெயிலர் கேள்வி அப்படியே நிற்கிறது. ஸ்கானியாவைக் கட்டி முடித்தால் பின்னால் கொழுவச் சுலபமானது 20 அடி கொன்ரெய்னர் ஏற்றின தட்டை ட்ரெயிலர். கொன்ரெய்னர் உலகம் முழுக்க ஒரே அளவு, அளக்கப் போகத் தேவையில்லை: 6058 மி.மீ. நீளம், 2438 அகலம், 2591 உயரம். 1/24இல் 252, 101.6, 108. அலைத்தகட்டுக்கு அக்கா சொன்ன அதே உத்திதான், ஆனால் கொன்ரெய்னரின் அலை வட்டமானது இல்லை, மேலும் கீழும் தட்டையானது. வட்டக் கம்பி சரிவராது, சதுரச் சட்டம் வைத்து அமுக்குங்கள்.

கொழுவுகிற ஊசி நிஜத்தில் இரண்டு அங்குலம், உங்களுக்கு 2.1 மி.மீ. சைக்கிள் கம்பி இரண்டு மி.மீ., அது போதும். வளைவில் ட்ரெயிலரின் முன்மூலை கபினின் பின்பக்கத்தில் முட்டுகிறதா என்று திருப்பிப் பார்த்த பிறகு ஊசியின் இடத்தை முடிவுசெய்யுங்கள். தாங்கு கால்கள் பிறைம் மூவரின் பின்சில்லுக்குப் பின்னால், அது திரும்பும்போது தொடாத தூரத்தில் நிற்க வேண்டும்.

காசு இருக்கிறவர்களுக்கு: டமியாவின் 1/14 ரிமோட் லொறிகள் 540 மோட்டார், மூன்று கியர் பெட்டியோடு நிஜமாகவே இழுத்துக்கொண்டு ஓடும். டோர்ட்முண்டில் வருடந்தோறும் நடக்கிற இன்டர்மொடல்பவ் கண்காட்சியில் அவற்றுக்கென்றே தெரு, பாலம், மண்மேடு எல்லாம் அமைத்து ஓட்டுவார்கள். உங்கள் சித்தப்பாவை ஒருமுறை போகச் சொல்லுங்கள்.

மாங்குளம் கராஜ்

கொன்ரெய்னரை விட பெக்கோ (மண் வெட்டுகிற இயந்திரம்) ஏற்றின லோபெட் (தாழ்ந்த தட்டு ட்ரெயிலர்) வடிவு. ஆனால் அது இரண்டாம் வருடப் பாடம்.

பரந்தன் பொடியன்

மில்லுக்குப் போய் லொறிக்குக் கீழே படுத்து அளந்துவிட்டேன். சாரதி அண்ணை முதலில் பொலிஸ் அனுப்பின ஆள் என்று நினைத்தார், பிறகு அவரே நாடாவின் மற்ற நுனியைப் பிடித்தார். பொடி நீளம் 17 அடி, அகலம் ஏழரை அடி, ஆகவே எட்டரை அங்குலமும் மூன்றே முக்கால் அங்குலமும். ரயர் 9.00-20தான். பாரம் ஏற்றின லொறியாகவே கட்டுகிறேன், வில்லு நேராக. ஸ்கானியா அலுமாரிக்கு மேல் பொறுத்திருக்கட்டும்.

கடைசிக் கேள்வி. நம்பர் தகட்டை எப்படிச் செய்வது? லொறியின் உண்மையான நம்பரைப் போட அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

செம்மண் சித்திரம்

உங்கள் பிறந்த திகதியைப் போடுங்கள். முன்தகடு வெள்ளை, பின்தகடு மஞ்சள், எழுத்துக் கறுப்பு. கணினியில் அளவுக்குச் செய்து, கொமினிகேசன் கடையில் லேசர் பிரின்ற் எடுங்கள். இங்க்ஜெற் என்றால் ஈரம் பட்டால் ஊறும். மஞ்சளைப் பிரின்ரரில் எடுக்காமல் மஞ்சள் கடதாசியிலேயே கறுப்பை அடிக்கச் சொன்னால் நிறம் நன்றாக இருக்கும். வெட்டின பிறகு கடதாசியின் ஓரம் வெள்ளையாகத் தெரியும், அதைக் கறுப்புப் பேனையால் ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

மாங்குளம் கராஜ்

அச்சை இறுக்குகிறதுக்கு முன்னம் சேசிஸை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்துப் பாரும். ஆறு சில்லும் கண்ணாடியைத் தொட வேண்டும். ஒன்று தூக்கிக்கொண்டு நின்றால் அந்தப் பக்க வில்லின் கட்டைத் தளர்த்திச் சரிசெய்து, பிறகு கம்பியை முறுக்கும். பைப்புக்கு முழு நீளம் வாங்கக் காசைச் செலவழிக்க வேண்டாம். குழாய்க் கிணறு அடிக்கிற ஆட்கள், பிளம்பர்மார் வெட்டிப் போட்ட துண்டு ஒரு அடி இருந்தால் மூன்று லொறிக்குக் காணும்.